கொடிவழி

நிலத்தில் வேரூன்றி ஓரிடத்தே நிலைத்து வாழும் உயிர்களை நிலைத்திணை என்று நம் முன்னோர் வழங்கினர். அவற்றுள் மரம் தன் அடியின் வலிமையால் தானே நிமிர்ந்து நிற்கின்றது. புல்லும் பூண்டும் தம் உயரத்தைச் சுருக்கிக்கொண்டு நிலத்தோடு ஒட்டி வாழ்கின்றன. கொடியோ இவ்விரண்டினும் வேறானது. அதன் தண்டு மெல்லியது. தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாதது. ஆயினும், மரத்தைப் போலவே அதற்கும் கதிரவன் ஒளி வேண்டும். தண்டைப் பருமனாக்குவதில் செலவிட வேண்டிய ஊட்டத்தைக் கொடி நீளத்தில் செலவிடுகின்றது. பிறிதொன்றைப் பற்றி ஏறி விரைவில் ஒளியை அடைகின்றது. அவ்வாறு பற்றுதற்கு உதவும் கோலையே கொழுகொம்பு என்கிறோம்.

கொடிகள் ஏறும் முறை ஒன்றன்று. அவரையும் சங்குப்பூவும் தம் தண்டையே கொம்பின்மேல் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. பாகல், புடல், சுரை, பீர்க்கு முதலியன பற்றுக்கம்பி என்னும் மெல்லிய நூல் போன்ற உறுப்பினால் பற்றுகின்றன. வெற்றிலையும் மிளகும் கணுக்கள்தோறும் சிறு வேர்களை விட்டு மரத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. காகிதப்பூக்கொடி வளைந்த முள்ளைக் கொக்கியாக மாட்டி மேலே செல்கின்றது. தமிழ்நாட்டின் அரசு மலராகிய செங்காந்தளோ தன் இலையின் நுனியையே சுருட்டிப் பற்றுகின்றது.

இவ்வியல்பைப் பொறுமையோடு ஆராய்ந்தவர் ஆங்கில நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின் ஆவார். கொடிகளின் அசைவைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1865ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயுற்றுப் படுத்திருந்த காலத்திலும் தம் அறையில் தொட்டிச் செடியை வைத்து அதன் நுனி செல்லும் திசையை அவர் கவனித்து வந்தார். கொடியின் இளநுனி சும்மா இருப்பதில்லை. கண்ணற்றவர் கைக்கோலால் வழி தடவுவது போல, வெளியில் வட்டமிட்டுக்கொண்டே கொம்பைத் தேடுகின்றது. ஐரோப்பியக் கொடி ஒன்று வெம்மையான பகற்பொழுதில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஒரு வட்டத்தை முடித்ததை அவர் கண்டார். பற்றுக்கம்பி ஒரு குச்சியைத் தொட்டவுடன், தொட்ட பக்கத்தைவிட மறுபக்கம் விரைந்து வளர்கின்றது. அதனால் கம்பி வளைந்து குச்சியைச் சுற்றிக்கொள்கின்றது. பின்னர் அது சுருள்வில்லாகச் சுருண்டு கொடியைக் கொம்பின் பக்கம் இழுக்கின்றது. காற்று வீசும்போது அச்சுருள் நீண்டு கொடுத்து, ஓய்ந்தபின் மீண்டும் சுருங்கும். ஆதலால் கொடி அறுந்துபோவதில்லை.

கொடி வளர்த்தற்குப் பரந்த நிலம் வேண்டுவதில்லை. வேர் ஊன்ற ஒரு முழ இடமும் ஏறிப் படர ஒரு பந்தரும் இருந்தாற் போதும். தாம்பரத்துக்கு வடக்கே, குன்றத்தூரை அடுத்துள்ள திருமுடிவாக்கம் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூரின் அண்மையிலுள்ள இவ்வூர், ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. இன்று இங்குச் சிட்கோ தொழிற்பேட்டை அமைந்துள்ளது. பல மாவட்டங்களிலிருந்து தொழில் நாடி வந்தோர் இங்கும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும் குடியேறியுள்ளனர். தோட்டம் என்று சொல்லத்தக்க இடம் பல வீடுகளில் இல்லை. மாடிப்படியின் ஓரமும், சுற்றுச்சுவரின் அருகும், மேல்தளத்தின் ஒரு மூலையுமே உண்டு. மரம் வைக்க இயலாத அவ்விடங்களில் கொடி வைக்க இயலும். ஆனால் வாடகை வீட்டில் வாழ்வோர் வீடு மாறும்போது ஊன்றிய கொடியைப் பெயர்த்துச் செல்ல முடிவதில்லை. அருமையாக வளர்த்த முல்லையை விட்டுப் பிரிய நேர்கின்றது. இவ்விடர்ப்பாட்டை நீக்கும் வழி ஒன்று உண்டு. அதுவே கொடியைப் பெருக்கும் கலை.

கொடியைப் பெருக்கும் வழி இருவகைப்படும். விதையினின்று பெருக்குதல் ஒன்று. கொடியின் உடலினின்றே பெருக்குதல் மற்றொன்று.

அவரை, பாகல், புடல், சுரை, பீர்க்கு முதலிய காய்க்கொடிகளுக்கு விதையே சிறந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் பழமொழி இவற்றிற்கும் பொருந்தும். பாகல் விதையும் புடல் விதையும் தடித்த தோல் உடையன. ஆதலின் ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் முளை எளிதில் வெளிப்படும். விதையை ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றுதல் போதும். குழிக்கு மூன்று விதை ஊன்றி, முளைத்தபின் வலிய நாற்று ஒன்றினை நிறுத்திப் பிறவற்றை நீக்கல் வேண்டும். இக்கொடிகளின் வேர் மென்மையானது; பிடுங்கி நட்டால் நோகும். ஆகவே வளர வேண்டிய இடத்திலேயே விதைப்பது நன்று. மறு ஆண்டிற்கு விதை வேண்டுவோர் நல்ல காய் ஒன்றினைப் பறிக்காமல் கொடியிலேயே முற்ற விடுவர். முற்றிக் காய்ந்த சுரையை அசைத்தால் உள்ளே விதை குலுங்கும் ஒலி கேட்கும். அதுவே விதை எடுக்கும் பருவம்.

ஆனால் எல்லாக் கொடிகளுக்கும் விதை உதவுவதில்லை. கோவைக்கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண்கொடி பூக்கும்; காய்க்காது. விதையினின்று முளைத்தது ஆணோ பெண்ணோ என்பது பூத்தபின்னரே தெரியும். காய்க்கும் கொடியின் தண்டை வெட்டி நட்டாலோ, ஐயமின்றிக் காய்க்கும் கொடியே கிடைக்கும். வெற்றிலையிலும் ஆண்கொடியும் பெண்கொடியும் தனித்தனியே உள்ளன. வெற்றிலைத் தோட்டத்தைக் கொடிக்கால் என்பர். கொடிக்காலில் அகத்தியை வளர்த்து, அதன் அடியில் வெற்றிலைக்கொடியின் துண்டுகளை நட்டு, அகத்தியின்மேல் ஏற்றுவது தமிழகத்து உழவர் வழக்கம். சோழவந்தான் வெற்றிலையும் ஆத்தூர் வெற்றிலையும் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. அவற்றின் மணமும் காரமும் மாறாது வருவதற்கு ஒரு காரணம், விதையால் அன்றித் துண்டினாலேயே அவை வழிவழியாகப் பெருக்கப்பட்டு வருவதாகும்.

குண்டுமல்லியின் நிலை இன்னும் எண்ணத்தக்கது. தோட்டங்களில் வளரும் குண்டுமல்லி விதை கட்டுவது மிக அரிது. மணக்கும் மலரைத் தருகின்ற அச்செடிக்குத் தானே தன் இனத்தைப் பெருக்கும் ஆற்றல் இல்லை என்றே சொல்லலாம். மக்கள் தண்டை வெட்டி நட்டும் பதியன் போட்டும் காத்து வந்தமையால்தான் அது பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகின்றது. ஒரு குடும்பத்தின் மரபு வரிசையைத் தமிழில் கொடிவழி என்று கூறுவர். மல்லிகைக்கு அச்சொல் முற்றும் பொருந்தும். பாட்டி வீட்டுச் செடியின் கிளை தாய் வீட்டிலும், தாய் வீட்டுச் செடியின் கிளை மகள் வீட்டிலும் வேரூன்றுகின்றது. இடம் மாறினும் உயிர் ஒன்றே. பெறுவோரும் கொடுப்போரும் இல்லாமற் போனால் அவ்வுயிர் அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும்.

தண்டுத் துண்டினால் பெருக்கும் முறையை இனிக் காண்போம். தேர்ந்தெடுக்கும் தண்டு மிக இளையதாகவும் இருத்தல் ஆகாது. மிக முதிர்ந்ததாகவும் இருத்தல் ஆகாது. இளந்தண்டு அழுகும், முதிர்ந்த தண்டு வேர்விடத் தாமதிக்கும். வளைத்தால் சிறிது வளைந்து பின் ஒடியும் பதமே நடுத்தரமான முதிர்ச்சி. எழுதுகோல் அளவு பருமனும், 15 முதல் 20 செண்டிமீட்டர் வரை நீளமும், மூன்று அல்லது நான்கு கணுக்களும் உடைய துண்டு போதும். கூரிய கத்தியால் கீழ்நுனியை ஒரு கணுவிற்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுதல் வேண்டும். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில் அழுகல் தொடங்கும். கீழ்க்கணுக்களின் இலைகளை நீக்கி, மேலே இரண்டோர் இலைகளை மட்டும் விட்டு, அவையும் பெரியனவாயின் பாதியாகக் கத்தரித்தல் நன்று.

ஒவ்வொரு செயலுக்கும் காரணம் உண்டு. வேர்கள் கணுவிலும் அதன் அண்மையிலும் எளிதில் தோன்றும்; ஆதலால் இரண்டு கணுக்களேனும் மண்ணுள் இருத்தல் வேண்டும். இலை வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். துண்டிற்கோ நீரை உறிஞ்ச வேர் இல்லை. வரவு இல்லாத வீட்டில் செலவைக் குறைப்பது போல, இலையைக் குறைத்து நீர்ச்செலவைக் குறைக்கின்றோம். இலையை முற்றும் நீக்காததற்கும் காரணம் உண்டு. வேரைத் தோற்றுவிக்கத் தூண்டும் ஒருவகை வளர்ச்சிப் பொருள் தளிரிலும் இளவிலையிலும் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்குகின்றது. அதற்கு ஆக்சின் என்று பெயர். டச்சு நாட்டு அறிஞர் வென்ட் என்பவர் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வினால் அதன் இயல்பு தெளிவாயிற்று. ஆக்சின் துண்டின் அடியில் வந்து தேங்குவதால் அங்கே வேர் தோன்றுகின்றது. துண்டைத் தலைகீழாக நட்டால் வேர்பிடித்தல் அரிது என்பதன் காரணமும் இதுவே. உரக்கடைகளில் விற்கும் வேர்த்தூண்டிப் பொடி, இவ்வாக்சின் வகையைச் சேர்ந்ததே. அதனைச் சிறிதளவு தொட்டு நடலாம். இல்லையெனினும் மல்லிகையும் முல்லையும் வேர்பிடிக்கும்.

நடுவதற்குரிய கலவையில் மணல் மிகுதியாக இருத்தல் வேண்டும். ஆற்றுமணல், செம்மண், மட்கிய எரு ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் இடலாம். நீர் தேங்கினால் காற்றுப் புகாது. காற்றுப் புகாத இடத்தில் வேர் தோன்றாது. துண்டு கறுத்து அழுகும். நட்டபின் தொட்டியை நேர்வெயில் படாத நிழலில் வைத்து, மண் காயாதவாறு நீர் தெளித்து வரல் வேண்டும். மேலே ஒரு கண்ணாடிக் குடுவையையோ பாலித்தீன் பையையோ கவிழ்த்தால் ஈரப்பதம் நிலைக்கும். நாள்தோறும் பிடுங்கிப் பார்ப்பவர் கையில் எத்துண்டும் வேர்விடாது; தோன்றும் மெல்லிய வேர்கள் அச்செயலால் அறுந்துவிடும். ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்தில் புதுத்தளிர் தோன்றி நிலைத்து வளருமாயின் வேர்பிடித்தது என்று அறியலாம்.

எந்தக் கிளையை வெட்டுகிறோம் என்பதும் கருதத்தக்கது. மிளகுக்கொடியின் அடியிலிருந்து ஓடும் தண்டை நட்டால் அது வளர்ந்து மரத்தின்மேல் ஏறும். காய்க்கும் பக்கக்கிளையை நட்டாலோ அது ஏறாது. தொட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். புதர் மிளகு என்பது இதுவே. கொழுகொம்பு நாட்ட இடமில்லாத அடுக்குமாடி வீட்டிற்கு இஃது ஏற்றது.

அடுத்தது பதியன் போடுதல். மண்ணில் பதித்து வைத்தலால் பதியன் எனப்பட்டது. முல்லை, பிச்சி, மல்லிகை ஆகியவற்றிற்கு இம்முறை மிகவும் பொருந்தும். தாய்க்கொடியின் நீண்ட கிளை ஒன்றினை அறுக்காமலே தரைக்கு வளைத்தல் வேண்டும். ஒரு கணுவின் கீழ்ப்புறத்தில் பட்டையைச் சிறிது சீவி, அவ்விடத்தை மண்ணுள் மூன்று விரற்கடை ஆழத்தில் பதித்து, எழும்பாதவாறு மேலே ஒரு கல்லை வைத்தல் வேண்டும். கிளையின் நுனி வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். இலையில் உண்டான ஊட்டம் பட்டையின் வழியே கீழிறங்குகையில் சீவிய இடத்தில் தடைப்பட்டுத் தேங்கும். அவ்வூட்டமும் ஆக்சினும் சேர, அங்கே வேர் தோன்றும். இரண்டு மூன்று மாதங்கள் மண் காயாமல் காத்து, பின் தாய்க்கொடியின் பக்கத்தில் அறுக்கலாம். அறுத்தவுடன் பெயர்க்காமல் சில நாள் அங்கேயே விட்டுப் பின் வேண்டிய இடத்தில் நடுதல் நலம்.

துண்டு நடுதற்கும் பதியனுக்கும் உள்ள வேறுபாடு இங்கு விளங்கும். துண்டு, பிரிந்த பின் வேர்விடுகின்றது. பதியன், வேர்விட்ட பின் பிரிகின்றது. தொப்புள்கொடி வழியே தாயிடம் ஊட்டம் பெறும் மகவு போலப் பதியன்கிளை தாய்க்கொடியின் நீரைப் பெற்று வளர்கின்றது. ஆதலால் பதியன் தவறுவது குறைவு. ஆனால் ஒரு கொடியில் ஒரே காலத்தில் மிகப் பல பதியன்கள் போட இயலாது. துண்டுகளோ நூற்றுக்கணக்கில் நடலாம். ஒன்றிரண்டு வேண்டும் வீட்டிற்குப் பதியனும், பல்லாயிரம் வேண்டும் நாற்றங்காலுக்குத் துண்டும் ஏற்றவை. இராமேசுவரத்தீவிலுள்ள தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்குப் பெயர் பெற்றது. அவ்வூரின் மணற்பாங்கான நிலத்தில் மல்லிகைத் துண்டுகளை நெருக்கமாக நட்டு வேர்பிடிக்கச் செய்து வெளியூர்களுக்கு அனுப்புகின்றனர். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டங்களுக்கும் அங்கிருந்து நாற்றுகள் செல்கின்றன.

வேறு சில எளிய முறைகளும் உள. பணச்செடி எனப்படும் மணி பிளாண்ட் வெறும் நீரிலேயே வேர்விடும். அது பூப்பது மிக அரிது. உலகின் பல நாடுகளில் அது பரவியது தண்டுத் துண்டினாலேயே ஆகும். ஆயின், குடுவை நீரை வாரந்தோறும் தவறாது மாற்றல் வேண்டும். தேங்கிய தெளிந்த நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடும். மருந்துக்கொடியாகிய சீந்திலின் உயிர்வலிமை வியப்பிற்குரியது. அறுத்து மரத்தில் தொங்கவிட்ட துண்டும் நூல்போன்ற வேரைக் கீழே நிலம் நோக்கி விடும். செங்காந்தள் கிழங்கினால் பெருகும். அதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சுடையன. ஆதலால் சிறுவர் உள்ள வீட்டில் அதனை விலக்குதல் அறிவுடைமை.

துண்டினாலும் பதியனாலும் பெருகிய கொடிகள் யாவும் தாயோடு ஒத்த இயல்புடையன. நன்மை எங்ஙனம் மாறாது வருகின்றதோ அங்ஙனமே குறையும் மாறாது வரும். தாய்க்கு ஒரு நோயை எதிர்க்கும் ஆற்றல் இல்லையெனில் அதன் வழிவந்த எல்லாவற்றிற்கும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் இவ்வுண்மை வெளிப்பட்டது. திராட்சையும் துண்டினால் பெருகும் கொடியே. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு வேர்ப்பூச்சி அத்தோட்டங்களைப் பேரளவில் அழித்தது. அப்பூச்சியைத் தாங்க வல்ல அமெரிக்கத் திராட்சையின் வேர்ப்பகுதிமேல் பிரெஞ்சுத் திராட்சையின் கிளையை ஒட்டி வளர்த்தே அந்நாட்டார் தப்பினர். ஆகையால் ஒரே வகையை மட்டும் நம்பியிராமல் பலவகைக் கொடிகளைப் பேணுதல் வேண்டும். நோயுற்ற கொடியினின்று துண்டு எடுத்தல் கூடாது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நல்ல முல்லை வகைகளைத் தேர்ந்து வெளியிட்டுள்ளது. அவற்றுள் ஒன்றிற்குப் பாரிமுல்லை என்று பெயர் சூட்டியிருப்பது மகிழத்தக்கது.

அப்பெயர் பறம்புமலையின் தலைவனாகிய வள்ளல் பாரியை நினைவூட்டுகின்றது. பற்றுதற்குக் கொம்பின்றித் துவண்ட முல்லைக்குத் தன் தேரைக் கொடுத்தான் அவன் என்று தமிழுலகம் இன்றும் போற்றுகின்றது. தேர் கொடுக்கும் செல்வம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும், ஒரு மூங்கிற்கோலும் இரண்டு முழக் கயிறும் கொடுக்க எவராலும் இயலும். வேரூன்றிய ஒரு பதியனை அயல்வீட்டார்க்குக் கொடுத்தலும் எளிது.

அக்கொடை பெறுவோர்க்கு மட்டுமன்றிக் கொடுப்போர்க்கும் காவலாகும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூர், வரதராசபுரம் முதலிய ஊர்களில் வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயல் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. அத்தகைய நாளில், ஒரே வீட்டில் நின்ற கொடி அழிந்தால் அதன் கொடிவழியும் அழியும். அதன் பதியன் மேட்டுத்தெருவில் ஒரு வீட்டிலும், மற்றோர் ஊரில் உறவினர் வீட்டிலும் இருக்குமாயின், நீர் வடிந்தபின் ஒரு சாண் துண்டு கேட்டுப் பெற்று மீண்டும் நடலாம். பணத்தைப் பூட்டி வைத்தால் காக்கலாம். கொடியைப் பகிர்ந்து கொடுத்தாலன்றிக் காத்தல் அரிது.

திருமுடிவாக்கம் போன்ற ஊர்களில் வயல் குறைந்து வீடு பெருகி வருகின்றது. இக்காலத்தில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ பள்ளியிலோ ஒரு கொடியைப் பெருக்கக் கற்றுக்கொள்ளுதல் இன்றியமையாதது. அதற்கு வேண்டுவன ஒரு கூரிய கத்தி, ஒரு தொட்டி மண், ஒன்றரை மாதப் பொறுமை ஆகியவையே. வீடு மாறும் நாளில் முல்லையை விட்டுச் செல்ல நேரினும், அதன் கிளை ஈரத்துணியில் சுற்றப்பட்டுக் கையோடு வரும். முன்பு வளர்ந்த கொடியும் பழைய வீட்டில் புதிதாய் வருவோர்க்கு மலர் கொடுத்து நிற்கும்.